பவளத்தீவுக்கு வானிலிருந்து ஒரு பெட்டி

ஒரு நொடிக்கு 70 மீட்டர். சரக்கைக் கீழே இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பறக்கும்போதும் ஹெர்குலிஸ் விமானம் அவ்வளவு தூரம் போய்விடும். கீழே இருக்கும் தீவின் அகலமோ 200, 300 மீட்டர். தீவு முழுவதும் விமானத்தின் அடியில் கிடப்பது மூன்று நான்கு நொடிதான். அதற்குள் 200 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டி ஒன்று பின்கதவு வழியே வெளியேற வேண்டும். பாராசூட் விரிய வேண்டும். தென்னையில் சிக்காமல், யார் தலையிலும் விழாமல், பவளப்பாறைக்கு அப்பால் ஆழ்கடலில் மூழ்கிவிடாமல், முழங்கால் அளவுத் தண்ணீரிலோ மணலிலோ அது இறங்க வேண்டும். உள்ளே அரிசி இருக்கிறது, தூண்டில் முள் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

மேற்குப் பசிபிக்கில் ஒவ்வொரு டிசம்பரிலும் இது நடக்கிறது. ‘ஆபரேஷன் கிறிஸ்துமஸ் டிராப்’ என்பது பெயர். குவாம் தீவிலுள்ள அமெரிக்க விமானப்படையின் ஆண்டர்சன் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடுகள், பலாவ் ஆகியவற்றைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் பெட்டிகளை இறக்குகின்றன. அவற்றைப் பெறுகிறவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். 1952-ல் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. உலகில் இன்றும் நடந்துவரும் வான்வழி உதவிப் பணிகளில் இதற்கு மூத்தது இல்லை. விமானமும் எரிபொருளும் விமானிகளும் படையுடையவை. பெட்டிக்குள் இருப்பது பொதுமக்களின் நன்கொடை. இந்தப் பங்கீட்டில்தான் எனக்கு வியப்பு அதிகம். ஆனால் அதற்கு வருமுன், ஏன் அந்தத் தீவுகளுக்கு வானிலிருந்து போட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மைக்ரோனேசியக் கூட்டாட்சிக்கு 607 தீவுகள். எல்லாவற்றின் நிலப்பரப்பையும் கூட்டினால் 700 சதுர கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். அவை சிதறிக் கிடக்கும் கடற்பரப்போ இலட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர். போன்பே, சூக், யாப், கோஸ்ரே என்ற நான்கு மாநிலங்களின் தலைமைத் தீவுகளில் துறைமுகமும் விமான நிலையமும் உண்டு. வெளித்தீவுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டுமே இல்லை. அரசின் கப்பல் எப்போதாவது வரும். சில தீவுகளுக்கு அது சில வாரங்களுக்கு ஒருமுறை, சிலவற்றுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை. கடல் சீறினால், அல்லது கப்பல் பழுதானால், அந்தக் கணக்கும் தப்பும்.

இந்த வெளித்தீவுகள் பெரும்பாலும் பவள வளையங்கள். 1842-ல் சார்லஸ் டார்வின் இவற்றின் பிறப்புக்கு ஒரு விளக்கம் எழுதினார். முதலில் கடலிலிருந்து ஓர் எரிமலை எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை அணைந்து, தன் எடையாலும் கடற்தரையின் தாழ்வாலும் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளத்துக்குச் சூரிய ஒளி வேண்டும். அதனால் அது இறந்த பவளத்தின் மேலேயே புதிதாக வளர்ந்து, நீர்மட்டத்தை விட்டுவிடாமல் மேலேறிக்கொண்டே வருகிறது. கடைசியில் மலை மறைந்துவிடுகிறது. அது இருந்த இடத்தில் காயலும், அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமும் மிஞ்சுகின்றன. டார்வின் சொன்னது சரியா என்று அறிய வளையத்தைத் துளைத்துப் பார்க்க வேண்டும், அடியில் எரிமலைப் பாறை கிடைக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு மேல் யாராலும் அந்த ஆழத்தை எட்ட முடியவில்லை. 1952-ல் மார்ஷல் தீவுகளின் எனிவெடோக்கில் போட்ட துளைகள் எட்டின. ஒன்றில் ஏறத்தாழ 1,400 மீட்டர் சுண்ணாம்புக்குக் கீழே கருங்கல்லாய் எரிமலைப் பாறை கிடைத்தது.

நிலவியலுக்குக் கிடைத்த அருமையான விடை அது. ஆனால் துளையிட வந்தவர்கள் டார்வினுக்காக வரவில்லை. அணுகுண்டுச் சோதனைக்கான ஏற்பாடுகளின் ஒரு பகுதியாகவே அந்தத் துளைகள் போடப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, அதே எனிவெடோக்கில் முதல் வெப்ப அணுக்கருக் குண்டு வெடித்தது. எலுகெலாப் என்ற தீவு இருந்த இடத்தில் இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. எனிவெடோக் மக்களை 1947-லேயே வேறு தீவுக்கு அப்புறப்படுத்தியிருந்தார்கள். 1980-ல்தான் அவர்களால் திரும்ப முடிந்தது. 1952-ல் இந்தத் தீவுக்கூட்டங்கள் எல்லாம் ஐ.நா.வின் பொறுப்பாட்சி ஏற்பாட்டின்கீழ் அமெரிக்காவின் கையில் இருந்தன. வெடிப்பு நடந்த அடுத்த மாதம்தான் முதல் பரிசுப்பொதி விழுந்தது. கிறிஸ்துமஸ் பெட்டியைப் பற்றி எழுதுகிறவர் இந்த நவம்பரையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டியால் பள்ளம் நிரம்பிவிடாது. பள்ளம் இருக்கிறது என்பதற்காகப் பெட்டியைச் சேர்த்துக் கட்டிய கைகளும் பொய்யாகிவிடாது.

பவள வளையத்தின் மேல் வாழ்வதென்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் கடலுக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர்தான் நிற்கும். ஆறு கிடையாது, குளம் கிடையாது, களிமண் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அதனால் கடல்மட்டத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 4 மீட்டர் நன்னீர் தொங்கும். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் அந்த நன்னீர் அடுக்கை எட்டும்படி குழி வெட்டி, இலைதழை போட்டு மக்க வைத்து, அதில் பெருஞ்சேம்பு நடுகிறார்கள். தென்னை, சீமைப்பலா, சேம்பு, மீன் என்பதே காலங்காலமான சாப்பாடு. பெரும் புயல் வந்து அலை ஒருமுறை தீவைக் கடந்து போனால் போதும். குழிகளில் உப்பு ஏறிவிடும். சேம்பு அழுகும். சீமைப்பலாவின் காய்கள் உதிரும். நட்ட சேம்பு மீண்டும் கிழங்கு வைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். 2015 மார்ச் கடைசியில் மேசாக் சூறாவளி சூக்கையும் உலித்திப் பவளத்தீவையும் தாக்கியபோது நடந்தது இதுதான்.

முதல் பெட்டி விழுந்த இடம் காபிங்காமராங்கி. மைக்ரோனேசியக் கூட்டாட்சியின் தென்கோடி, நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைதான் வடக்கே. முப்பதுக்குச் சற்று அதிகமான சிறு திட்டுகள். எல்லாம் சேர்ந்தும் ஒரு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நிலம். சுற்றிலும் மைக்ரோனேசிய மொழிகள் வழங்க, இங்கோ பாலினேசியக் குடும்பத்து மொழி. 1952 டிசம்பரில் 54-வது வானிலை ஆய்வுப் படையணியின் பி-29 விமானம் ஒன்று அந்த வழியே போனபோது, கீழே மக்கள் கையசைப்பதை விமானக் குழுவினர் பார்த்தார்கள். கையில் இருந்த பொருள்களை மூட்டை கட்டி, ஒரு பாராசூட்டில் கோத்து, கீழே விட்டார்கள். திட்டமோ உத்தரவோ இல்லாமல் அது நடந்தது.

அந்தக் குழு வானிலை ஆய்வுக் குழு என்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். அவர்களுடைய அன்றாட வேலையே புயலுக்குள் பறப்பது. அந்த வேலையின் முக்கியக் கருவி பாராசூட்டில் இறங்கும் ஓர் உணர்கருவி. விமானத்திலிருந்து விட்டால் அது மெதுவாக விழுந்துகொண்டே காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் வானொலியில் அனுப்பும். 1979 அக்டோபர் 12 அன்று டிப் சூறாவளியின் கண்ணுக்குள் இதே படையணியின் விமானம் விட்ட கருவிதான் 870 மில்லிபார் என்று சொன்னது. கடல்மட்டத்தில் இதுவரை அளந்ததிலேயே மிகக் குறைந்த காற்றழுத்தம் அது. காற்றின் வழியே ஒரு பொருளை அடக்கமாக இறக்கத் தெரிந்தவர்கள்தான் அன்று அந்தத் தீவின் மேல் பறந்துகொண்டிருந்தார்கள்.

இனி விழுதலின் கணக்கு. 90 மீட்டர் உயரத்திலிருந்து 200 கிலோ பெட்டியைச் சும்மா விட்டால் நான்கு நொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அரிசி மூட்டை வெடிக்கும், கீழே ஆள் இருந்தால் உயிர் போகும். பாராசூட் விரிந்தபின் கதை வேறு. விழும் வேகம் கூடக்கூடக் காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் முற்றுத்திசைவேகம் என்று படித்தோம். பத்துப் பதினொரு மீட்டர் விட்டமுள்ள வட்டப் பாராசூட்டில் தொங்கும் 200 கிலோவுக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். இரண்டரை மீட்டர் உயர மதிலிலிருந்து தள்ளிவிட்ட பெட்டியும் இதே வேகத்தில்தான் தரையைத் தொடும். வேகம் ஆறில் ஒரு பங்காகிறது. மோதலின் ஆற்றல் 36-ல் ஒரு பங்காகிறது.

மீதியிருக்கும் அந்த மோதலையும் அடக்க வேண்டும். 7 மீட்டர் வேகம் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுபோனால், பெட்டியிலுள்ள பொருள் தன் எடையைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். நிற்க எடுக்கும் தூரத்தை எட்டு சென்டிமீட்டராக்கினால் அது முப்பது மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் வான்வழிச் சரக்குகளுக்கு அடியில் தேன்கூடு வடிவில் மடித்த தடித்த காகித அட்டையை வைக்கிறார்கள். அது நசுங்கி, தன்னைத்தானே அழித்துக்கொண்டு, மேலிருப்பதைக் காக்கிறது. இது முழுக்க முழுக்க அட்டைக் காகிதம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆழமற்ற தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். காயலின் ஓரத்தைக் குறிவைப்பதில் அந்த நன்மையும் உண்டு, மக்கள்மீது விழாது என்ற பெரிய நன்மையும் உண்டு.

உயரம் ஏன் 90 மீட்டர்? இன்னும் மேலே போனால் விமானத்துக்குப் பாதுகாப்பு அதிகம், ஆனால் பெட்டி காற்றின் கையில் அதிக நேரம் இருக்கும். அந்தக் கடலில் வியாபாரக் காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுவது சாதாரணம். 90 மீட்டரிலிருந்து இறங்கும் பெட்டி விரிந்த பாராசூட்டில் பத்து நொடிதான் தொங்குகிறது. அதற்குள் காற்று அதை 80 மீட்டர் தள்ளும். 3,000 மீட்டரிலிருந்து விட்டால் ஏழு நிமிடம் தொங்கும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளப்படும். தீவே 300 மீட்டர் அகலம் என்றால் பெட்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டலில் தானாகவே திசை திருப்பிக்கொள்ளும் பாராசூட்டுகள் இருக்கின்றன. அவற்றின் விலை, பெட்டிக்குள் இருக்கும் பொருளின் விலையைப் பல மடங்கு தாண்டும். தாழப் பறப்பது அந்த விலையை மிச்சப்படுத்துகிறது.

பெட்டி வெளியேறியதும் விமானத்தின் வேகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு முன்னோக்கிப் பாய்கிறது. விமானத்தின் உள்ளே ஒரு கம்பியில் மாட்டிய பட்டை, பெட்டி விலகியவுடன் இறுகி, பாராசூட்டை உறையிலிருந்து உருவிவிடுகிறது. அது காற்றை அள்ளி விரியும்வரை பெட்டி முன்னே போய்க்கொண்டேதான் இருக்கும். இந்த முன்பாய்ச்சலையும் காற்றின் தள்ளலையும் கூட்டிக் கழித்துத்தான் எந்தப் புள்ளியில் விட வேண்டும் என்று விமானத்தில் கணக்கிடுகிறார்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் தீவின்மேல் இருக்காது. தீவு வருமுன்பே, வெறும் கடலின்மேல் பறக்கும்போதே விட்டாக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் 70 மீட்டர் பிழை. முதல்முறை பெட்டி எதையும் போடாமல் தாழப் பறந்து, கரையில் யார் எங்கே நிற்கிறார்கள், நுரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, வட்டமடித்து வந்து போடுகிறார்கள்.

பாராசூட்டைப் பற்றி ஒரு செய்தி. மனிதர் குதிக்கும் பாராசூட்டுக்கு ஆயுள் வரம்பு உண்டு. துணி நன்றாகவே இருந்தாலும் ஆண்டுக்கணக்கு முடிந்துவிட்டால் அதில் ஆளை இறக்க மாட்டார்கள். அப்படி ஓய்வுபெற்ற பாராசூட்டுகள்தான் இந்தப் பெட்டிகளைத் தாங்குகின்றன. கீழே இறங்கியபின் அவற்றைத் திரும்பக் கேட்பதில்லை. நைலான் துணியும் வலுவான கயிறுகளும் தீவில் வீணாவதில்லை. படகை மூடவும் நிழலுக்கும் அவை பயன்படுகின்றன.

இப்போது நன்கொடைக்கு வருகிறேன். அமெரிக்கப் படைக்குப் பயிற்சிக்கென்று விமான நேரமும் எரிபொருளும் ஒதுக்கப்படுகின்றன. 2006-லிருந்து இந்த வான்பணி முறைப்படி பயிற்சியாகவே நடத்தப்படுகிறது. ஜப்பானிலுள்ள யோக்கோட்டா தளத்தின் ஹெர்குலிஸ் விமானிகளும், பாராசூட் மடித்துப் பெட்டி கட்டும் வீரர்களும் ஒவ்வோர் ஆண்டும் இதற்காகக் குவாமுக்கு வருகிறார்கள். ஆனால் அரிசியையும் மீன்பிடிக் கருவியையும் பொம்மையையும் யார் தருவது? அதற்காக ஆண்டர்சன் தளத்து வீரர்களும் குடும்பத்தாரும் தன்னார்வலர்களாகச் சேர்ந்து தனியார் அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறார்கள். ஓட்டப் பந்தயம், கோல்ஃப் போட்டி என்று நிதி திரட்டுகிறார்கள். கடைகளிலும் பள்ளிகளிலும் நன்கொடைப் பெட்டிகள் வைக்கிறார்கள். குவாமின் வணிகர்களும் தேவாலயங்களும் மாணவர்களும் கொடுக்கிறார்கள். குவாமின் மொத்த மக்கள்தொகையே ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல்தான். அந்தச் சின்னத் தீவு, தன்னைவிடச் சின்னத் தீவுகளுக்குக் கொடுக்கிறது.

எந்த அறப்பணியிலும் பொருளைவிடப் போக்குவரத்துக்குத்தான் பணம் அதிகம் கரையும். கடல்நடுவே இருக்கும் ஒரு திட்டுக்கு 200 கிலோ அரிசி அனுப்ப விமானம் அமர்த்துவதென்றால், அந்தப் பணத்தில் எத்தனையோ மூட்டை அரிசி வாங்கிவிடலாம். இங்கே விமானம் எப்படியும் பறக்கத்தான் போகிறது. பயிற்சிக்கு மணல்மூட்டையைப் போடுவதற்குப் பதில் அரிசி மூட்டையைப் போடுகிறது. அதனால் நன்கொடையாக வரும் ஒவ்வொரு டாலரும் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. மிக எளிய ஏற்பாடு. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இது உயிரோடிருப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வீரரின் கை, ஊரார் நன்கொடை என்ற இணைப்புக்கு 1948-ல் பெர்லினில் ஒரு முன்னோடி உண்டு. சோவியத் படைகள் தரைவழியை அடைத்தபோது மேற்கு பெர்லினுக்கு உணவு கொண்டுபோன விமானிகளில் ஒருவர் கெயில் ஹால்வர்சன். வேலிக்கு அப்பால் நின்ற பிள்ளைகளுக்கு, கைக்குட்டைகளைப் பாராசூட்டாகக் கட்டி மிட்டாய் போட்டார். முதலில் தன் பங்கு மிட்டாயை, பிறகு நண்பர்களுடையதை. செய்தி பரவியதும் அமெரிக்காவில் மிட்டாய் நிறுவனங்கள் பெட்டி பெட்டியாக அனுப்பின. மாசசூசெட்ஸின் சிக்கோப்பி என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் கைக்குட்டைப் பாராசூட்டுகளைக் கட்டிக்கட்டி அனுப்பினார்கள். முடிவில் விழுந்த இனிப்பு இருபது டன்னுக்கு மேல். ஹால்வர்சன் 2022-ல் 101 வயதில் மறைந்தார்.

வானிலிருந்து விழும் உதவி எல்லா இடத்திலும் இப்படி இனிப்பாக இருப்பதில்லை. 2024 மார்ச்சில் காசாவில் பாராசூட் சரியாக விரியாத பெட்டிகள் விழுந்து ஐந்து பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. கடலில் விழுந்த பெட்டிகளை எடுக்க நீந்திப் போனவர்கள் மூழ்கி இறந்ததாகவும் வந்தது. சாலை இருக்கும் இடத்தில் லாரிதான் மலிவு, லாரிதான் பாதுகாப்பு. சாலை அடைபட்டதற்கு வானம் மாற்றாகாது. தமிழ் வாசகருக்கு 1987 ஜூன் 4 நினைவுக்கு வரும். இராமேசுவரத்திலிருந்து நிவாரணம் கொண்டுபோன படகுகளை முந்தைய நாள் இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் இந்திய விமானப்படையின் அந்தோனொவ் விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலோடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் பொருள்களைப் போட்டன. அதற்கு ‘பூமாலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பசித்தவருக்கு அது உணவு, கொழும்புக்கு அது எச்சரிக்கை. ஒரே பொதிக்குள் இரண்டும் இருந்தன.

பசிபிக்கிலும் அரசியல் இல்லாமலில்லை. 2015-லிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா நாடுகளின் விமானங்களும் கிறிஸ்துமஸ் டிராப்பில் சேர்ந்து பறக்கின்றன. இரண்டாம் உலகப்போர் வரை இதே தீவுகளை ஆண்டது ஜப்பான். சூக் காயலின் அடியில் 1944-ல் மூழ்கிய ஜப்பானியக் கப்பல்கள் இன்றும் கிடக்கின்றன. பெருங்கடலில் யார் யாருக்கு நண்பர் என்று காட்டுவதும் இந்தப் பறத்தலின் ஒரு நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. தாழப் பறந்து குறைந்த செலவில் பொதி இறக்கும் இந்த முறை ஆப்கானிஸ்தான் மலைகளில் இருந்த படைமுகாம்களுக்கும் பயன்பட்டது. இங்கே பழகியவர்கள் அங்கே போனார்கள் என்பதும் உண்மை, புயல் அடித்த மறுவாரம் உதவிக்குப் போக அதே பழக்கம் கைகொடுக்கும் என்பதும் உண்மை.

பெட்டிக்குள் எதை வைப்பது என்பதில் எனக்கு அக்கறை அதிகம். கொடுக்கிறவருக்கு வேண்டாததெல்லாம் பெறுகிறவருக்குத் தேவையாகிவிடாது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் குப்பை கொட்ட இடமில்லை. மின்கலம் தீர்ந்த பொம்மை அங்கேயே கிடக்கும். கண்ணி நெருக்கமான நைலான் வலை, குஞ்சு மீனையும் அள்ளிவிடும். அந்த மீன்தான் அடுத்த ஆண்டுச் சாப்பாடு. மாறாக, கத்தி, மண்வெட்டி, தூண்டில் முள், முக்குளிக்கும் கண்ணாடி, பாடப்புத்தகம் ஆகியவை கடலும் நிலமும் தருவதை எடுக்க உதவும். நன்கொடையாளருக்கு இந்தப் பட்டியலைச் சொல்ல வேண்டியவர்கள் தீவு மக்களே.

சொல்ல வழியும் இருக்கிறது. செல்பேசிக் கோபுரம் இல்லாத இந்தத் தீவுகளைப் பல காலமாக இணைத்துவருவது குற்றலை வானொலி. பூமி உருண்டை. நேர்கோட்டில் போகும் அலை சில பத்து கிலோமீட்டரில் அடிவானத்தைத் தாண்டி விண்ணுக்குப் போய்விடும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் சூரியக் கதிர்கள் காற்றணுக்களை மின்னேற்றி ஓர் அடுக்கை உண்டாக்கி வைத்திருக்கின்றன. குற்றலை அதில் வளைந்து மீண்டும் பூமிக்கே திரும்புகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தீவில் ஒருவர் சூரியப் பலகையில் ஏற்றிய மின்கலத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்கலாம். பகலில் எட்டும் அலைவரிசை இரவில் எட்டாது, ஏனென்றால் சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மெலிந்துபோகிறது. விமானம் எந்த நாளில் வரும் என்ற செய்தி குவாமிலிருந்து இப்படித்தான் தீவு தீவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கரையில் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது, படகை எங்கே தயாராக வைப்பது என்பதெல்லாம் அந்தச் செய்தி வந்தபின் நடக்கும்.

இந்தத் தீவினர் உதவிக்காகக் கையைப் பார்த்து நின்றவர்கள் என்று எண்ணினால் அது பெரும் பிழை. விமானம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அவர்களிடம் சாவேய் என்ற ஏற்பாடு இருந்தது. உலித்தி, வொலேயாய் முதலிய பவளத்தீவினர் தோணிகளை அணிவகுத்துக்கொண்டு யாப் தீவுக்குப் போவார்கள். நெய்த நார்த்துணி, கயிறு, தேங்காய் எண்ணெய், சிப்பி ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாப் மலைத்தீவு, மண் வளம் உள்ளது. அங்கிருந்து மரமும் மூங்கிலும் உணவும் மஞ்சளும் திரும்பி வரும். ஆம், மஞ்சள்தான். பவளமணலில் விளையாத அதை உடலில் பூசவும் சடங்குகளுக்கும் அவர்கள் போற்றினார்கள். புயல் அடித்துத் தீவு பாழானால் யாப்பிடம் உதவி கேட்கும் உரிமையும் இந்த உறவில் அடங்கியிருந்தது. மானுடவியலாளர்கள் பலர் இதைப் புயலுக்கு எதிரான காப்பீடு என்றே விளக்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் கொடுத்தவர்களாகவும் இருந்தார்கள்.

அந்தக் கடலைத் தோணியில் கடக்கத் தெரிந்த அறிவும் அவர்களுடையதுதான். சாட்டவால் என்ற பவளத்தீவில் பிறந்த மவ் பியாலுக், 1976-ல் ஹவாயிலிருந்து தஹிட்டி வரை ஹொக்குலேயா என்ற தோணியை எந்தக் கருவியும் இல்லாமல் நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் பார்த்தே நடத்திச் சென்றார். காற்று எங்கிருந்து வருகிறது, அலை எதன்மேல் மோதித் திரும்புகிறது என்பதைப் படகின் ஆட்டத்திலிருந்தே படிக்கக் கூடியவர் அவர்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் டிசம்பர் பெட்டிக்குப் பதிலாகத் தீவினர் என்ன தருகிறார்கள் என்பதும் தெரிகிறது. பயிற்சி மைதானத்தில் விமானிக்கு எல்லாம் முன்பே தெரியும். அளந்த வயல், குறியிட்ட இலக்கு, தரையிலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்லும் ஆள். இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகள், ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு கோணத்தில் காற்று, வேறு இடத்தில் பாறை. பெட்டி எங்கே விழுந்தது, உடைந்ததா, தண்ணீர் புகுந்ததா என்று நேரில் பார்க்கிறவர்கள் கரையிலுள்ளவர்கள்தான். தங்கள் கடற்கரையையும் காயலையும் பார்வையையும் ஓராண்டுக்கு ஒருமுறை அவர்கள் விமானிகளுக்குக் கொடுக்கிறார்கள். எந்தப் படைக்கும் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத பயிற்சிக்களம் அது. யாப்புக்குத் தோணியில் போனவர்கள் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டுப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவர்களைக் கேட்டே முடிவு செய்யலாம்.